நான்காம் கிணறும் சொதிச் சோறும்

செங்காட்டாற்றின் தென்கரையில் ஒரு மடம் இருக்கிறது. அங்கே யார் எதை எழுதினாலும் சோற்றின் முன்னால்தான் வாசிக்க வேண்டும்.

இலை போடுவார்கள். சோறு வைப்பார்கள். குழம்பு ஊற்றுவார்கள். அதன் பிறகு எழுதியவர் எழுந்து நின்று வாசிப்பார். கேட்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் சாப்பிட ஆரம்பிக்கலாம். யாரும் தடுக்கக் கூடாது, முறைக்கவும் கூடாது. வாசித்து முடிக்கும்போது இலைகளில் சோறு காய்ந்து கிடந்தால் நூல் தேறியது. மடமே அதை அச்சிடும். இலைகள் காலியாக இருந்தால் தேறவில்லை. ஒரு நூலுக்கு மூன்று பந்திவரை வாய்ப்பு உண்டு. மூன்றிலும் தோற்றால் தாள்கள் சமையற்கட்டுக்குப் போய்விடும்.

இதற்கு இலை அரங்கேற்றம் என்று பெயர். ஆற்றின் குறுக்கே ஆனைக்கால் பாலம் கட்டிய நாளில் வேலையாட்களுக்குச் சோறு போட்ட கொட்டகைதான் பின்னால் மடமானது. மறுநாள் யாருக்கு என்ன வேலை என்பதை மேஸ்திரி பந்தியில் நின்றுதான் வாசிப்பாராம். அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. மேஸ்திரி வாசித்தபோது யாராவது சாப்பிட மறந்தார்களா என்பது தெரியவில்லை.

அம்பலவாணன் இந்த மடத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் சீடராக வந்தவர். அதற்கு முன் மாவட்ட நூலகத்தில் வேலை பார்த்தார். அடுக்கில் இருந்த புத்தகங்களையெல்லாம் படித்தாகிவிட்டது. தானும் ஒன்று எழுதிவிட வேண்டும் என்று ஆசை. ஒரு வாக்கியம் எழுதுவார். இதை எழுத நான் யார் என்று யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் காப்பி நேரம் வந்துவிடும்.

மடத்தின் தலைவி பெயர் மங்கையர்க்கரசி. ஊருக்கு அவர் மடத்தம்மா. அம்பலவாணனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் யார் குரு என்று கொஞ்சம் தடுமாறுவார்கள். அம்பலவாணனுக்கு அந்தத் தடுமாற்றம் வந்ததே இல்லை. "அண்ணாச்சி" என்று அந்தக் குரல் கூப்பிட்டால் அவர் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

பாலத்துக்கு நூறு வயது ஆகப் போகிறது என்று ஊர் பேச ஆரம்பித்தபோது, வடகரைப் பள்ளித் தலைமையாசிரியை ஞானசுந்தரி டீச்சர் மடத்துக்கு வந்தார்.

"விழாவுல பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்கணும். பாலம் எப்படிக் கட்டினாங்கன்னு ஒரு புத்தகம் கொடுக்கலாம்னு நினைக்கேன். கதை வேண்டாம். நடந்தது நடந்தபடி. ஆனா ஆறாம் வகுப்புப் பிள்ளை படிக்கணும்."

"அண்ணாச்சி எழுதுவாங்க" என்றார் மடத்தம்மா.

அம்பலவாணன் திடுக்கிட்டார். எத்தனையோ வருடமாகக் காத்திருந்த வார்த்தை. இதை எழுத நான் யார் என்று கேட்கத் தொடங்கினார். டீச்சர் அதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"புத்தகம் தேறலைன்னா டிபன் பாக்ஸ் வாங்கிருவேன். பந்திக்கு என் பிள்ளைகளையே அனுப்புதேன். படிக்கப் போறது அதுகதானே."

"டிபன் பாக்ஸ் விஷயம் பிள்ளைகளுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று அம்பலவாணன் மெதுவாகக் கேட்டார்.

"தெரியும். மாதிரிக்கு ஒண்ணு வாங்கிக் காட்டியும் விட்டேன். மூணு அடுக்கு."

அம்பலவாணன் அன்றிலிருந்து எழுதினார். இரண்டு கரைகளிலும் வீடு வீடாகப் போய்ப் பழைய ஆட்களிடம் கேட்டார். கேட்டதையெல்லாம் நல்ல தமிழில் எழுதினார்.

முதல் பந்தி கூடியது. ஆறாம் வகுப்பு இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது. சோறு, கீரை, பருப்புக் குழம்பு. அம்பலவாணன் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"'பாலம் என்பது யாது?'"

யாரும் பதில் சொல்லவில்லை.

"'இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே மனிதன் கண்ட கனவே பாலம். ஆதியில் மனிதன் குகையில் வாழ்ந்தான்.'"

மனிதன் குகையை விட்டு வெளியே வருவதற்குள் முதல் வரிசை பருப்பைப் பிசைந்துவிட்டது. அவன் நெருப்பைக் கண்டுபிடித்தபோது ரசம் கேட்டார்கள். சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது மோர். அவன் ஒருவழியாக ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்து அக்கரையை ஏக்கத்துடன் பார்த்தபோது, பந்தியில் அம்பலவாணனும் சமையற்காரர் பூவலிங்கமும் மட்டும்தான் மிச்சம்.

"சார், பாலம் வந்துட்டா?" என்றார் பூவலிங்கம்.

"இன்னும் வரலை."

"வந்ததும் சொல்லுங்க. இலை எடுக்கணும்."

அம்பலவாணன் குகை மனிதனை மொத்தமாக உருவிப் பூவலிங்கத்திடம் கொடுத்தார். பூவலிங்கம் அடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாப் பிடிக்குது சார். உள்ள கொஞ்சங்கூட ஈரமே இல்ல."

இரண்டாம் பந்தியில் நேராகப் பாலத்துக்கே வந்துவிட்டார். எத்தனை தூண், எவ்வளவு நீளம், எந்த ஊர்க் கல், எத்தனை வண்டிச் சுண்ணாம்பு. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஆனால் வெறும் கல்லையும் சுண்ணாம்பையும் சொல்லி விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. படிக்கிற பிள்ளைக்கு வாழ்க்கைக்கு ஆகிற மாதிரி ஏதாவது வேண்டாமா?

"'தூண்கள் வெள்ளத்துக்கு அஞ்சாமல் நிற்கின்றன. ஆகவே, குழந்தைகளே, நாமும் துன்பத்துக்கு அஞ்சாமல் நிற்போமாக.'"

அதுவரை சும்மா இருந்த சில கைகள் சோற்றுக்குப் போயின.

"'கற்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆகவே, குழந்தைகளே...'"

இன்னும் சில கைகள் போயின.

மூன்றாவது தடவை அவர் மூச்சை இழுத்து "ஆ..." என்ற உடனேயே, பள்ளி மைதானத்தில் விசில் ஊதினாற்போல, எல்லாக் கைகளும் ஒன்றாக இறங்கின. ஒரு பையன் கணக்கு வைத்துக்கொண்டு ஆகவேக்கு ஒரு வாய் சாப்பிட்டான். கடைசியில் அவன் இலையில் ஒரு வாய்ச் சோறு மிஞ்சியது. கையைத் தூக்கினான்.

"தாத்தா, இன்னொரு ஆகவே இருக்கா?"

இருந்தது. வாசித்தார். அவனும் சாப்பிட்டு எழுந்தான்.

மறுநாள் மடத்தம்மா மொட்டைமாடியில் வற்றல் போட்டுக்கொண்டிருந்தார். துணியை விரித்துக் கூழை எடுத்துச் சின்னச் சின்னதாக வைத்துக்கொண்டு போனார். அம்பலவாணன் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"பிள்ளைகளுக்கு எழுதறது எப்படி?"

மடத்தம்மா ஒரு வரிசையை முடித்தார்.

"பந்தியில நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"வாசிக்கிறவன் பந்தியில சாப்பிட மாட்டானே அம்மா. அப்புறந்தானே."

"சரி, அப்புறம் என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடப் பிடிக்கலை."

"ரெண்டு பந்தியிலயுமா?"

"ரெண்டு பந்தியிலயும்தான்."

மடத்தம்மா கூழ்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் திரும்பி, "காக்கா வருது, பாத்துக்கிடுங்க" என்றார்.

அம்பலவாணன் அங்கேயே உட்கார்ந்து அதை யோசித்தார். காக்கை என்றால் என்ன? எங்கிருந்து வருகிறது? மனத்துக்குள்ளேயா? நாம் எழுதுவதைக் கொத்திக்கொண்டு போவது எது? வெயில் சாயும்வரை யோசித்தார். நிமிர்ந்து பார்த்தபோது வற்றலில் கால்வாசி போயிருந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இனி இருப்பது வெள்ளிக்கிழமைப் பந்தி ஒன்றுதான். அதிலும் தோற்றால் அவருடைய புத்தகத்துக்குப் பதிலாக மூன்றடுக்கு டிபன் பாக்ஸ் பாலத்தின் பெருமையைச் சொல்லும். அவர் படுத்துப் புரண்டார். எழுந்து நடந்தார். கடைசியில் சமையற்கட்டு வாசலில் போய் நின்றார்.

"பூவலிங்கம், வெள்ளிக்கிழமை என்ன சமையல்?"

"இன்னும் யோசிக்கலை சார்."

"பாகற்காய் வைக்கலாமே. பிள்ளைகளுக்கு நல்லது."

பூவலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"வச்சு?"

"உப்பும் கொஞ்சம் தூக்கலா விழுந்தா தப்பில்லை. கை தவறுறதுதானே..."

பூவலிங்கம் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்து யாரும் அதிகம் பார்த்ததில்லை.

"சார், உங்க புத்தகம் தேறணும்னா என் குழம்பு தோக்கணுமா?"

அம்பலவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை சொதி" என்றார் பூவலிங்கம். "கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ், வடை. என்னால முடிஞ்சதை நான் செய்யுதேன். உங்களால முடிஞ்சதை நீங்க செய்ங்க."

அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிக் குழம்பு வைப்பார்கள். முதல் தேங்காய்ப்பால் மணக்க மணக்க, மேலே எலுமிச்சம் சாறு பிழிந்து. சொதிக்காகவே தூரத்து உறவில் கல்யாணம் விசாரிக்கிறவர்கள் உண்டு. அம்பலவாணனும் அவர்களில் ஒருவர்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஞானசுந்தரி டீச்சர் மாதிரிக்கு வாங்கிய டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தார். எந்த உள்நோக்கமும் இல்லை, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றார். பிள்ளைகள் இலையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சொதி மணம் கூடத்தில் நிறைந்திருந்தது. அம்பலவாணன் பயத்தில் காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை.

தாள்களோடு எழுந்து நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார் மடத்தம்மா.

அவருக்கு முன்னாலும் ஓர் இலை விரித்திருந்தது.

"வாசிக்கிறவனுக்கு இலை போடுற வழக்கம் கிடையாதே அம்மா."

"இன்னைக்குப் போட்டிருக்கு."

குரு சொன்னால் மறுப்பதற்கில்லை. உட்கார்ந்தார். பூவலிங்கம் எல்லோருக்கும் வைத்தது போலவே அவருக்கும் வைத்தார். சொதியை மட்டும் ஒரு கரண்டி கூட ஊற்றினார். அது மரியாதையா பழிவாங்கலா என்று அம்பலவாணனுக்குப் புரியவில்லை. தாள்களை இடது கையில் பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

"'செங்காட்டாற்றின் குறுக்கே கம்பீரமாக அமைந்துள்ள ஆனைக்கால் பாலம் நம் பகுதியின் பெருமைமிகு அடையாளமாகும். அதன் கட்டுமானம் எண்ணற்ற இடர்களை எதிர்கொண்டது. எனினும்...'"

வாசித்துக்கொண்டே பந்தியைக் கவனித்தார். ஒரு கைகூட அசையவில்லை. இன்னும் இரண்டு வரி வாசித்தார். அப்போதும் அசையவில்லை. அத்தனை கண்களும் அவர்மேல்தான் இருந்தன. வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்கிறார்கள் என்று நினைத்தார்.

அப்போது 'கறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அது அவருடைய வாயிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸ். கீழே பார்த்தார். அவருடைய வலது கை சோற்றில் இருந்தது. சொதியைப் பக்குவமாகப் பிசைந்து, இஞ்சிப் பச்சடியையும் ஓரத்தில் இழுத்து வைத்திருந்தது. இலையில் பாதி காலியாகியிருந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான்.

"டீச்சர், தாத்தாவே சாப்பிடுதாங்க!"

பந்தி சிரித்தது. பூவலிங்கம் சிரித்தார். ஞானசுந்தரி டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மடத்து வரலாற்றில் எழுதியவரே கேட்கத் தாங்காமல் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. அம்பலவாணன் மடத்தம்மாவைப் பார்த்தார். அவர் பந்தியின் கடைசியில் தன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வாய் நிறையச் சோறு. துப்பவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. செய்வதறியாமல் கண்ணில் பட்ட வரியை வாசித்தார்.

"'நான்காம் கிணற்றில் ஏற்பட்ட சாய்வு, தக்க எடையிடுதல் வாயிலாகச் சீர்செய்யப்பட்டது. ஆகவே...'"

கைகள் இறங்கின. முதல் வரிசையில் ஒரு கை மட்டும் பாதியில் நின்றது. முத்துப்பேச்சி என்ற பிள்ளை.

"தாத்தா, ஆத்துக்குள்ள எதுக்குக் கிணறு?"

அம்பலவாணன் பதிலுக்குத் தாளைப் பார்த்தார். தாளில் அது இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டார்.

"தண்ணி இருக்கிற இடத்துல யாராவது கிணறு வெட்டுவாங்களா?" என்றாள் மறுபடியும்.

வாயில் இருந்ததை விழுங்கினார். நல்ல தமிழும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

"தண்ணிக்காக இல்லை தாயி. தூணு வைக்கிறதுக்கு. ஆத்துல பூரா மணல்லா? மணல்மேல தூண் வச்சா ஒரே வெள்ளத்துல போயிரும். கீழே பாறை இருக்கு. பாறைவரைக்கும் போகணும். மணல்ல குழி தோண்டினா என்ன ஆகும்?"

"மூடிக்கிடும்."

"ஆங். அதுக்காக என்ன பண்ணினாங்கன்னா..." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இலையில் வடை இருந்தது. எடுத்துச் சோற்றுக் குவியலின் மேல் வைத்தார். "இதுதான் கிணத்துச் சுவர். வட்டமா, நடுவுல ஓட்டை. முதல்ல மணல்மேல சுவரைக் கட்டிடறது. அப்புறம் ஆட்கள் உள்ளே இறங்கி, ஓட்டை வழியா மணலை அள்ளி அள்ளி வெளியே போடறது." வடையின் ஓட்டையில் விரலை விட்டுச் சோற்றைத் தோண்டினார். வடை மெல்ல இறங்கியது. "பாத்தியா? சுவரு தன் கனத்துலயே கீழே போவும். போகப் போக மேலே கட்டுவாங்க. கட்டக் கட்டக் கீழே போவும்."

"கட்டக் கட்டக் கீழ போற வீடா?" என்றான் ஆகவே பையன்.

"வீடு மாதிரிதான். மேலே கட்டறதுக்கு எனக்கு இன்னொரு வடை வேணும்."

பந்தியில் ஒரு தயக்கம். பூவலிங்கத்தின் வடை அது. முத்துப்பேச்சி தன் வடையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், எடுத்துக் கொடுத்தாள். அம்பலவாணன் அதை முதல் வடைமேல் வைத்துத் தோண்டினார். இரண்டும் சேர்ந்து இறங்கின. பின்வரிசை எழுந்து நின்று எட்டிப் பார்த்தது.

"முதல் மூணு கிணறும் ஒழுங்கா இறங்கிட்டு. நாலாவது பாதியில சாஞ்சு போச்சு." வடையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். "ஒரு பக்கம் மணல் இளகி அந்தப் பக்கம் அமுங்கிட்டு. மறுபக்கம் தூக்கிக்கிட்டு நிக்கி. மேற்கே மலையில மேகம் கறுத்துக்கிட்டு வருது. வெள்ளம் வந்தா சாஞ்ச கிணறு விழுந்திரும். அது விழுந்தா பாலம் அவ்வளவுதான்."

"உள்ள ஆள் இருக்காங்களா?" என்றாள் முத்துப்பேச்சி.

"ரெண்டு பேர். மேல தூக்கிக்கிட்டு நிக்கிற பக்கத்துக்கு அடியில இருந்து மணலை அள்ளிக்கிட்டு இருக்காங்க. அப்பதான் அந்தப் பக்கம் இறங்கும். ஆனா மேல கனமும் வேணும். மேஸ்திரி சவரிமுத்து, இருந்த மணல் சாக்கையெல்லாம் ஏத்தினாரு. தண்டவாளத்தை ஏத்தினாரு. கல்லை ஏத்தினாரு. அசையலை. கரையில வேற ஒரு கனமும் இல்லை. தலையில கை வச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்காரு. இந்தக் கொட்டகையில வேலையாட்கள் சாப்பிட உக்காந்திருக்காங்க."

அம்பலவாணன் நிறுத்தினார். இந்த இடத்தைத்தான் அவர் நூலில் விட்டுவிட்டிருந்தார். பெரிய பொறியியல் சாதனை. அதில் போய்ச் சோறு, இலை என்று எப்படி எழுதுவது என்று நினைத்து, 'தக்க எடையிடுதல்' என்று முடித்திருந்தார்.

"சொல்லுங்க தாத்தா!"

"'எல்லாரும் இலையைத் தூக்கிக்கிட்டு வாங்கலே'ன்னாரு. கூட்டமாப் போயி அந்த மேட்டுப் பக்கத்துச் சுவர்மேல, சாக்குமேல, தண்டவாளத்துமேல வரிசையா உக்காந்தாங்க. அங்கேயே பந்தி. கிணறு 'கிர்ர்'னுது. ஒருத்தரும் மெல்லலை. வாயில வச்ச சோறு வாயிலயே இருக்கு. ஒருத்தருக்குத் தும்மல் வருது, பக்கத்து ஆளு மூக்கைப் பிடிச்சுட்டாரு."

பந்தியில் நான்கைந்து பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் இறங்குச்சு. அப்புறம் நின்னுட்டு. சவரிமுத்து கீழே இருந்து கத்துதாரு, 'சோறு போடு! இன்னும் போடு!'ன்னு. சமையற்காரர் பானையைத் தூக்கிக்கிட்டு மேல ஏறிட்டாரு. கேக்கிறவனுக்கும் போட்டாரு, வேண்டாங்கிறவனுக்கும் போட்டாரு. வயித்துல ஏறினாலும் கனம், இலையில கிடந்தாலும் கனம். குழம்புப் பானை, ரசப் பானை எல்லாம் மேல போயிட்டு."

சமையற்கட்டு வாசலில் பூவலிங்கம் நின்றிருந்தார். கையில் சொதிக் கரண்டி. அது சொட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"நிமிந்துட்டா?"

"அதை எப்படிக் கண்டுபிடிக்கது? நேர் பாக்கத் தூக்குக்குண்டு பிடிச்சிருந்த ஆளும் மேல ஏறிச் சாப்பிட உக்காந்துட்டாரு. அப்பதான் ஒருத்தர் சொன்னாராம், 'மேஸ்திரி, ரசம் ஓடலை'ன்னு." அம்பலவாணன் தன் இலையின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். சொதி மறுபக்கம் ஓடியது. "அதுவரைக்கும் எல்லார் இலையிலயும் ரசம் இப்படி ஒரு பக்கமாவே ஓடிக்கிட்டு இருந்திருக்கு. இப்ப ஓடலை." இலையைக் கீழே வைத்தார். சொதி மெல்லத் திரும்பி நடுவில் நின்றது. "சவரிமுத்து மேல ஏறி ஒவ்வொரு இலையாப் பாத்துக்கிட்டே போனாராம். எல்லார் இலையிலயும் ரசம் நடுவுல நின்னுதாம்."

பிள்ளைகள் எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் இலையைப் பார்த்தார்கள். ஞானசுந்தரி டீச்சரும் பார்த்தார்.

"அத்தனை சாக்கு, தண்டவாளம் இருக்கையில அந்த ஆட்கள் கனம் கொசுறுதானே தாத்தா?" என்றான் ஆகவே பையன். "அவங்க உக்காரலைன்னாலும் நிமிந்திருக்குமோ?"

அம்பலவாணன் யோசித்தார்.

"தெரியாதுப்பா."

நூல் எழுதத் தொடங்கியதிலிருந்து அவர் சொல்லாத வார்த்தை அது. சொன்னதும் தோள் இரண்டும் லேசாக இறங்கின.

"அந்தச் சமையற்காரர் பேரு என்ன சார்?" என்று வாசலிலிருந்து பூவலிங்கம் கேட்டார்.

"அதுவும் தெரியலை பூவலிங்கம். யாருக்கும் ஞாபகம் இல்லை."

"பேரு இல்லாட்டியும் பரவாயில்ல. சமையற்காரர்னாவது போட்டிருங்க."

"போடுதேன்."

இடது கையில் கடைசித் தாள் இருந்தது. அம்பலவாணன் அதைப் பார்த்தார். முதல் வார்த்தை 'ஆகவே'. வாசிக்க மூச்சை இழுத்தார். வரிசை முழுவதும் கைகள் பழக்கத்தில் இலேசாக உயர்ந்தன.

மூச்சை விட்டார்.

"அவ்வளவுதான். சாப்பிடுங்க."

யாரும் உடனே சாப்பிடவில்லை. சோற்றின் மேல் தோல் படிந்துவிட்டது. சொதி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அம்பலவாணனின் வலது கை காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஞானசுந்தரி டீச்சர் எழுந்து போய் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"டீச்சர், புத்தகத்தோட அதையும் கொடுத்தா என்ன?" என்று ஒரு குரல் வந்தது.

"இலையைப் பாத்துச் சாப்பிடு."

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வடகரைக்குக் கிளம்பினார்கள். கை கழுவுகிற இடத்தில் மடத்தம்மா நின்றிருந்தார். அம்பலவாணன் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, நூல் தேறிட்டா?"

"சோறு காஞ்சுதே. பூவலிங்கம் உள்ள புலம்பிக்கிட்டு இருக்கான், சொதியை ஆற விட்டுட்டாங்கன்னு."

"என் இலையில நான் சாப்பிட்டுட்டேனே. விதிப்படி..."

"உங்களுக்கும் பாதியிலயே நின்னு போச்சுல்லா?"

நின்றுதான் போயிருந்தது. ஆனாலும் அம்பலவாணனுக்கு மனம் ஆறவில்லை. கடைசித் தாளை நீட்டினார்.

"இதை நான் வாசிக்கவே இல்லை அம்மா. எல்லாரும் சேந்தா சாஞ்சதை நிமித்தலாம்னு ஒரு பத்தி. இதைச் சொல்லத்தான் நூலையே எழுதினேன். இது இல்லாட்டி அந்த நூலைத் தாங்கறது எது?"

மடத்தம்மா தாளை வாங்கவில்லை. ஆற்றைப் பார்த்தார்.

"அந்த நாலாவது கிணறு இப்ப எங்க அண்ணாச்சி?"

"அங்கேயேதான். மணலுக்கு அடியில. அதுமேலதான் தூண் நிக்கி."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"கட்டினவங்க பாத்ததோட சரி. அப்புறம் யாரும் பாக்க முடியாது."

அம்பலவாணனும் பாலத்தைப் பார்த்தார்.

பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான்காம் தூணுக்கு மேலே வந்ததும் வரிசை கலைந்தது. எல்லோரும் ஒரே பக்கமாக ஓடிப்போய், நெருக்கியடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒருவன் அடுத்தவன் மூக்கைப் பிடித்தான். டீச்சர் திட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து டீச்சரும் உட்கார்ந்தார்.

அம்பலவாணன் கையிலிருந்த தாளை மடித்தார்.

"அந்தத் தாளைப் பூவலிங்கத்துக்கிட்ட கொடுங்க அண்ணாச்சி" என்றார் மடத்தம்மா. "காப்பிக்கு அடுப்புப் பத்த வைக்கணும்."